ஒரு மஞ்சள் கார்டும் மாயாபந்தர் ஜெட்டியும்

ஸ்கார்பரோவில் யாராவது புதுசாக அறிமுகமானால் இரண்டாவது கேள்வி "நீங்க எந்த ஊர்?" என்பதுதான். மாயாபந்தர் என்பேன். எதிராளி முகத்தில் ஒரு சின்னக் குழப்பம் ஓடும். "பந்தர்னா... குஜராத்தா?" என்று கேட்டவர்கள் உண்டு. அந்தமான் என்று சொன்னதும் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். "அங்க தமிழாளுங்க இருக்காங்களா?"

இருக்கிறோம் சாமி, நிறையவே இருக்கிறோம் :-) என் அப்பா 1971ல் ராமநாதபுரத்திலிருந்து வனத்துறை வேலைக்குக் கப்பலேறியவர். நான் பிறந்தது மாயாபந்தரில். ஒரு பக்கம் பெங்காலி, ஒரு பக்கம் ராஞ்சிக்காரர்கள், கொஞ்சம் தள்ளி வேபியில் பர்மாவிலிருந்து 1925ல் வந்து குடியேறிய கரேன் மக்கள். தெருவில் இந்தி, வீட்டில் தமிழ். இப்போது வடக்கு, நடு அந்தமான் மாவட்டத்துக்கு அதுதான் தலைநகர். போர்ட் பிளேரிலிருந்து ரோட்டில் சுமார் 240 கிலோமீட்டர். (போர்ட் பிளேருக்கு 2024ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். என் வாய்க்கு இன்னும் பழகவில்லை.)

இந்தப் பதிவு ஊர்ப் பெருமை பேச இல்லை. ஒரு கடிதத்தைப் பற்றி. ஒரு வருஷமாக எழுதணும் எழுதணும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். எழுதினால் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும், அதனால்தான்.

2025 மார்ச்சில் சின்னவன் பேரில் பொது சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. "உங்கள் பிள்ளையின் தடுப்பூசிப் பதிவு முழுமையாக இல்லை. இந்தத் தேதிக்குள் விவரம் தராவிட்டால் பள்ளிக்கு வர முடியாமல் போகலாம்." ஒன்டாரியோவில் இருப்பவர்களுக்கு இது புதுசில்லை. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா, தொண்டை அடைப்பான், ரணஜன்னி, போலியோ என்று ஒரு பட்டியல் உண்டு. இதெல்லாம் போட்டிருக்க வேண்டும், போட்டதற்குக் காகிதம் இருக்க வேண்டும் என்று 1982லிருந்து இங்கே சட்டம்.

கடிதத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. "இந்தியாவுல போடாத ஊசியா? இவங்களுக்கு நம்ம கார்டைப் படிக்கத் தெரியல" என்று தங்கமணியிடம் ஒரு பிரசங்கமே பண்ணினேன். கூடுதல் தகவல்: நான் வேலை பார்ப்பது குளிர்பதனச் சரக்குத் துறையில். மருந்து, மீன், ஐஸ்கிரீம் எல்லாவற்றையும் சரியான வெப்பநிலையில் ஊர்விட்டு ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பிழைப்பு. தடுப்பூசிப் பெட்டிகளும் என் கை வழியாகப் போயிருக்கின்றன. எனக்கா பாடம் எடுக்கிறீர்கள் என்ற நினைப்பு.

அலமாரியைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினோம். பழைய பாஸ்போர்ட்களுக்கு நடுவில், மதுரையில் போட்ட கார்டு கிடைத்தது. பிசிஜி, போலியோ, மற்ற ஊசிகள் எல்லாம் வரிசையாகத் தேதியோடு இருந்தன. தட்டம்மைக்கு நேரே ஒரே ஒரு தேதி. 2016 அக்டோபர், ஒன்பதாவது மாதம். அதற்குக் கீழே உள்ள கட்டம் காலி.

சரி, ஒண்ணாவது இருக்கிறதே என்று அலுவலகத்துக்குப் போன் செய்தேன். நர்ஸ் ஒருத்தர் ரொம்பப் பொறுமையாகப் பேசினார். "முதல் பிறந்தநாளுக்கு முன்னால் போட்ட தட்டம்மை ஊசியை இங்கே கணக்கில் எடுக்க மாட்டோம். உங்கள் மகனுக்கு எங்கள் கணக்கில் பூஜ்யம்."

பூஜ்யம்.

ஏன் என்று கேட்டேன். அம்மாவின் உடம்பிலிருந்து வந்த எதிர்ப்புச் சத்து குழந்தை உடம்பில் சில மாதங்கள் மிச்சம் இருக்கும், அது தடுப்பூசியை வேலை செய்ய விடாமல் மடக்கிவிடும் என்றார். ஒன்பது மாதத்தில் போட்டால் நூற்றுக்குச் சுமார் 85 குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஒரு வயதுக்கு மேல் போட்டால் 93க்கு மேல். இரண்டு டோஸ் முடித்தால் 97. அப்படியானால் இந்தியாவில் ஏன் ஒன்பது மாதத்தில் போடுகிறார்கள்? அங்கே நோய் ஊருக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது, ஒரு வயது வரை காத்திருந்தால் அதற்குள் குழந்தைக்கு வந்துவிடும், அதனால் முந்திப் போட்டு பிறகு இரண்டாவதால் சரிசெய்கிறார்கள். இரண்டு ஊரும் அவரவர் நிலைமைக்குச் சரியாகத்தான் செய்கிறது. நடுவில் விழுந்தது நாங்கள்.

விழுந்தோம் என்று சொல்வதுகூடப் பாதிப் பொய். இங்கேதான் ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம் வருகிறது.

2017 பிப்ரவரி. தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் ஆரம்பித்தது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குள் இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும், முன்னால் போட்டிருந்தாலும் இன்னொரு தடவை. பள்ளிக்கூடம், அங்கன்வாடி எல்லா இடத்திலும் போட்டார்கள். அந்த மாதம் வாட்ஸப்பில் என்னென்ன சுற்றியது என்று ஞாபகம் இருக்கிறதா? ஊசி போட்ட பிள்ளைகளுக்கு அப்படி ஆச்சு, இப்படி ஆச்சு, வெளிநாட்டுச் சதி என்று. நான் அப்போது ஷார்ஜாவில். தங்கமணி கைக்குழந்தையோடு மதுரையில். சின்னவனுக்கு பதிமூன்று மாதம். அவர்கள் தெரு அங்கன்வாடியிலும் முகாம். வீட்டுக்கே வந்து கூப்பிட்டிருக்கிறார்கள்.

"கேம்ப் ஊசி வேண்டாம். அப்புறம் டாக்டர்கிட்ட தனியாப் போட்டுக்கலாம்" என்று போனில் சொன்னது நான். அந்த வாட்ஸப் செய்தியைத் தங்கமணிக்கு அனுப்பியதும் நான்தான்.

அந்த 'அப்புறம்' வரவே இல்லை. ஏப்ரலில் அவர்கள் ஷார்ஜா வந்தார்கள். வீடு மாற்றம், விசா, வேலை மாற்றம். 2019ல் கனடா. 2020ல் பள்ளியில் சேர்க்கும்போது உலகமே கோவிட்டில் கிடந்தது. அவள் நான் போட்டிருப்பேன் என்றும், நான் அவள் போட்டிருப்பாள் என்றும் நினைத்துக்கொண்டு எட்டு வருஷம் ஓட்டிவிட்டோம். அன்றைக்குப் பதிமூன்றாவது மாதத்தில் போட்டிருந்தால் அந்தத் தட்டம்மை டோஸ் இங்கேயும் கணக்கில் வந்திருக்கும். இலவசமாக, தெருமுனையில், வாசல் வரை வந்து கூப்பிட்ட ஊசி.

*

கடிதம் வந்த வாரமே, வியாழக்கிழமை ராத்திரி சின்னவனுக்குக் காய்ச்சல். 102. இருமல். கண் சிவந்திருந்தது.

2024 அக்டோபரில் நியூ பிரன்ஸ்விக்கில் தொடங்கின தட்டம்மை அதற்குள் ஒன்டாரியோவில் பரவிக்கொண்டிருந்தது. ரேடியோவைத் திறந்தால் அதே பேச்சு. காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், சிவந்த கண். மூன்று நாலு நாள் கழித்துத்தான் தடிப்பு. தடிப்பு வருவதற்கு நாலு நாள் முன்பிருந்தே பரவும். நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை கிருமி காற்றில் நிற்கும்.

எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பம் வாடகைக்கு இருந்தது. அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்து ஐந்து மாதம். ஐந்து மாதக் குழந்தைக்கு தட்டம்மை ஊசி போட முடியாது. வயசு பத்தாது. அது பிழைத்துக் கிடப்பது சுற்றி இருப்பவர்கள் போட்டிருக்கிற ஊசியை நம்பித்தான். இரண்டு வீட்டுக்கும் ஒரே ஹீட்டர், ஒரே காற்றுக்குழாய். அதை எங்கே எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

ராத்திரி பதினோரு மணிக்குக் கீழே போய்க் கதவைத் தட்டி, நாலடி தள்ளி நின்று விஷயத்தைச் சொன்னேன். மகனுக்கு ஊசி போடவில்லை என்பதையும் சொன்னேன். அந்தத் தம்பி ஒன்றும் பேசவில்லை. உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் அம்மா கேட்டார். "ஏன் தம்பி, நீங்கள் படிச்ச ஆக்கள்தானே?"

அரை மணியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மார்க்கம் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மார்ச் மாதக் குளிரில், சீட்டில் குழந்தையைக் கட்டி, கம்பளியைப் போர்த்தி. நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

தூக்கம் வரவில்லை. மாயாபந்தரில் அப்போது காலை. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

*

"காய்ச்சல்தானேடா, கசாயம் வச்சுக் குடு" என்றுதான் ஆரம்பித்தார். தட்டம்மையா இருக்குமோன்னு பயமா இருக்கும்மா, ஊசி போடலைன்னு தெரிஞ்சது, என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன்.

"இருக்கேன்" என்றார்.

எனக்கு ஒரு தங்கை இருந்தாள். நாங்கள் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். 1982ல் எனக்கு ஆறு வயது, அவளுக்கு இரண்டு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வரிசையாக மணல்வாரி வந்தது. எங்கள் வீட்டில் முதலில் எனக்கு. மேலெல்லாம் மணலை வாரி இறைத்தது மாதிரி இருக்கும், அதனால்தான் அந்தப் பேர். அம்மா வந்திருக்கா என்று வாசலில் வேப்பிலை சொருகினார்கள். எனக்கு ஒரு வாரத்தில் தண்ணி ஊற்றினார்கள். எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டேன். எனக்குத் தண்ணி ஊற்றிய இரண்டு மூன்று நாளில் பாப்பாவுக்குக் காய்ச்சல்.

தடிப்பு வந்து அடங்கிவிட்டது. இருமல் அடங்கவில்லை. நெஞ்சு குழி விழுந்து விழுந்து மூச்சு வாங்கினாள். தட்டம்மையில் குழந்தைகள் பெரும்பாலும் சாவது தட்டம்மையால் இல்லை, அதைத் தொடர்ந்து வரும் நிமோனியாவால். இது எனக்கு இப்போது தெரியும். அப்போது தெரிந்தது, அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜெட்டியில் நின்றது மட்டும். போர்ட் பிளேர் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு அப்போது கப்பல்தான் வழி. கப்பல் மறுநாள். அந்த ராத்திரி முழுக்க ஜெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தோம். விடிவதற்குள் முடிந்துவிட்டது.

நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன் என்று வீட்டில் யாரும் ஒரு நாளும் சொன்னதில்லை. நானாகக் கண்டுபிடித்தது ரொம்ப வருஷம் கழித்து, நோய் வந்து தொற்றுவதற்குப் பத்துப் பதினைந்து நாள் ஆகும் என்று எங்கேயோ படித்தபோது. விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

அமெரிக்காவில் தட்டம்மைத் தடுப்பூசி வந்தது 1963ல். பாப்பா பிறப்பதற்கே பதினேழு வருஷம் முன்னால். இந்திய அரசின் தடுப்பூசித் திட்டத்தில் அது சேர்ந்தது 1985ல், சில மாவட்டங்களில் தொடங்கி 1990க்குள் நாடு முழுக்க. மருந்து உலகத்தில் இருந்தது. எங்கள் ஜெட்டிக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

*

எங்கள் தீவுகளுக்கும் தட்டம்மைக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. நாங்கள் குடியேறிய அந்த வடக்கு அந்தமான் எங்களுக்கு முன்னால் கிரேட் அந்தமானிய மக்களின் நிலம். 1858ல் ஆங்கிலேயர் வந்து கைதிகள் குடியிருப்பு போட்டபோது அவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 1877ல் தட்டம்மை பரவியது. அதற்கு முன் அந்தக் கிருமியையே பார்த்திராத உடம்புகள். கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். மேகநோய் போன்ற மற்ற வியாதிகளும் சேர்ந்துகொண்டன. 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961ல் 19 பேர்.

பழைய கதை இல்லை. ஜாரவா மக்கள் காட்டைவிட்டு வெளியே வந்து மற்றவர்களோடு பழக ஆரம்பித்தது 1997-98 வாக்கில். 1999ல் அவர்களிடையே தட்டம்மை வந்துவிட்டது. இந்தத் தடவை வைத்தியம் கிடைத்ததால் பழைய கொடுமை திரும்பவில்லை. ஆனால் கிருமி எங்கிருந்து போயிருக்கும்? காட்டில் முளைக்காது. எங்களை மாதிரி குடியேறிய ஜனங்களிடமிருந்துதான். ட்ரங்க் ரோட்டில் பஸ் அந்தக் காட்டு வழியாகத்தான் போகும். ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்த வழியில் நான் நினைத்துக்கொள்வேன். ரோட்டோரத்துக் கிராமங்களில் எங்கள் பிள்ளைகள் கையில் போடும் ஊசிதான் அவர்களுக்கு வேலி.

*

அம்மா அன்றைக்குப் போனில் இன்னொரு கதையும் சொன்னார். பாதி எனக்கே தெரியும். மீதி புதுசு.

என் தம்பி பிறந்தது 1987ல். அதற்குள் ஊசி வந்துவிட்டது. சப்-சென்டர் சிஸ்டர் ஒருவர், மலையாளி, டிங்கியில் க்ரீக் தாண்டி எங்கள் பக்கம் வருவார். தோளில் ஒரு பெட்டி. உள்ளே நாலு ஐஸ் கட்டிப் பைகள். நடுவில் மருந்து. 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருந்தால்தான் அது மருந்து. வெயிலில் வெந்துவிட்டால் வெறும் தண்ணீர். தட்டம்மை மருந்து பொடியாக வரும். திரவம் கலந்துவிட்டால் நாலு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மிச்சம் இருந்தால் கொட்டிவிட வேண்டும். கரன்ட் டீசல் ஜெனரேட்டரில் ஓடிய ஊர் அது. அந்த ஐஸ் கட்டி உறைவதே பெரிய விஷயம். இன்றைக்கு என் வேலையில் ஒரு லாரியின் வெப்பநிலையை இருபது சென்சார் வைத்துப் பார்க்கிறோம். அந்த சிஸ்டரிடம் இருந்தது ஒரு தெர்மாமீட்டரும் ஒரு ஈரத் துண்டும்.

தம்பிக்கு ஒன்பது மாதம் ஆன அன்று மழை. வேறு ஒரு குழந்தையும் வரவில்லை. ஒரு குப்பியில் ஐந்து குழந்தைக்கான மருந்து. சிஸ்டர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாராம். அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. மருந்து வீணாகும், அடுத்த மாதம் வா என்று சொல்லிவிடுவாரோ என்று. அம்மா தன் அரைகுறை இந்தியில் பாப்பாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். சிஸ்டர் பதில் ஒன்றும் சொல்லாமல் குப்பியைத் திறந்து மருந்தைக் கலந்துவிட்டார். தம்பிக்குப் போட்டார். நாலு மணி நேரம் வரை எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். யாரும் வரவில்லை. மீதி நாலு பேருக்கான மருந்தைக் கழித்துவிட்டு டிங்கி ஏறினார்.

சரக்கு அனுப்பும் தொழிலில் நாங்கள் 'வீணாவது எவ்வளவு சதவீதம்' என்று மாதாமாதம் கணக்குப் பார்க்கிறவர்கள். அந்தக் கணக்கில் அந்த சிஸ்டருக்கு எண்பது சதவீத நஷ்டம். ஆனால் விதியே அதுதான். ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்கணும். நாலு டோஸ் வீணானால் சில ரூபாய். ஒரு குழந்தை திரும்பிப் போனால், அது மறுபடி வருமா என்று யாருக்கும் தெரியாது.

சின்னவன் திரும்பி வரவில்லை. எட்டு வருஷம்.

*

கொஞ்சம் கணக்கு சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தட்டம்மை பிடித்த ஒருவர், யாருக்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாத இடத்தில், பன்னிரண்டு முதல் பதினெட்டு பேருக்குக் கொடுப்பார். அதை ஊருக்குள் நிற்கவிடாமல் செய்ய நூற்றுக்கு 95 பேருக்காவது எதிர்ப்புச் சக்தி வேண்டும். நூறு குழந்தைகளில் 95 பேருக்கு ஒன்பது மாத ஊசி போட்டாச்சு என்று வையுங்கள். பேப்பரில் '95 சதவீதம்' என்று பெருமையாகப் போடலாம். ஆனால் அதில் 85 சதவீதம் பேருக்குத்தான் பிடிக்கும். அதாவது 81 பேர். மீதி 19 பேர் வெறுங்கையோடு நிற்கிறார்கள். நாலைந்து வருஷத்துப் பிள்ளைகள் சேர்ந்தால் கிருமிக்கு ஒரு கிராமமே கிடைத்துவிடும்.

2004 சுனாமிக்குப் பிறகு கடலூர் மாவட்டத்தில் இதுதான் நடந்தது. ஒரு டோஸ் நன்றாகவே போட்டிருந்த மாவட்டம், ஆனாலும் தட்டம்மை பரவியது. இந்தியா முழுக்க வழக்கமான அட்டவணையில் இரண்டாவது டோஸ் வர ஆரம்பித்தது 2010ல்தான். அந்த இரண்டாவதுதான் என் மகன் கார்டில் காலியாக இருந்த கட்டம்.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், எல்லா அடிப்படை ஊசியும் போட்ட குழந்தைகள் 2015-16ல் நாடு முழுக்க 62 சதவீதம், 2019-21ல் 76. தமிழ்நாட்டில் 70லிருந்து 89. இந்த எண்களைப் பார்க்கும்போது முன்பெல்லாம் போடாத அந்தப் பதினொரு பேர் யாரோ மலைமேல் இருப்பவர்கள், படிக்காதவர்கள் என்று நினைப்பேன். இப்போது அந்த வரிசையில் என் வீட்டையும் பார்க்கிறேன். படிக்காத என் அம்மா ஐஸ் பெட்டிக்காக மழையில் கைக்குழந்தையோடு காத்திருந்தார். படித்த நான் வாசலுக்கு வந்ததைத் திருப்பி அனுப்பினேன்.

*

சின்னவன் விஷயம். மறுநாள் காலையில் கிளினிக்குக்குப் போன் செய்து 'தட்டம்மையாக இருக்கலாம்' என்று முதலிலேயே சொன்னேன். (சொல்லாமல் போய்க் காத்திருக்கும் அறையில் உட்கார்ந்துவிடக் கூடாது. இதை மட்டுமாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) பின்வாசல் வழியாகக் கூப்பிட்டு, தொண்டையில் சளி எடுத்தார்கள். முடிவு வரும்வரை வீட்டைவிட்டு யாரும் வெளியே போகவில்லை. தினமும் காலையில் அவன் காதுக்குப் பின்னால், நெற்றியில், தடிப்பு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். ஆறு வயதில் எனக்கு அங்கேதான் ஆரம்பித்ததாம். அம்மா சொன்னது.

இன்ஃப்ளூயன்ஸா என்று வந்தது. வெறும் ஃப்ளூ காய்ச்சல். தங்கமணி அன்றைக்குத்தான் அழுதாள்.

காய்ச்சல் சரியானதும் முதல் ஊசி. இடைவெளி விட்டு இரண்டாவது. இங்கே தரும் மஞ்சள் கார்டில் எழுதி வாங்கிக்கொண்டோம்.

பேஸ்மென்ட் குடும்பம் ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. அந்த அம்மம்மா கொஞ்ச நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் பனி தள்ளிக்கொண்டிருந்தபோது அவராகவே ஆரம்பித்தார். "எங்கட நாட்டில சண்டை நடக்கேக்கை, சொட்டு மருந்து குடுக்கிற நாளில ரெண்டு பக்கமும் வெடியை நிப்பாட்டினவை தம்பி. நான் ரெண்டு பிள்ளையளையும் இழுத்துக்கொண்டு ஓடினனான். இங்கை ஒரு பயமும் இல்லை. அதுதான் மறந்து போறியள்." உண்மைதான். 1990களின் நடுவில் யுனிசெஃப் பேச்சுவார்த்தையால் 'அமைதி நாட்கள்' நடந்தன. இலங்கையில் கடைசிப் போலியோ 1993ல். தட்டம்மையை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2019ல் இலங்கைக்குச் சான்று கொடுத்தது.

நாங்கள் பிழைக்க வந்த பணக்கார நாட்டின் கதை வேறு. ஒன்டாரியோவில் மட்டும் அந்தப் பரவலில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு வந்தது. வயிற்றிலேயே தொற்றி, குறைமாதத்தில் பிறந்த ஒரு சிசு இறந்தது. 1998லிருந்து தட்டம்மை இல்லாத நாடு என்றிருந்த தகுதியை 2025 நவம்பரில் கனடா இழந்தது.

*

புலம்பெயர்ந்து வந்த நம் குடும்பங்களுக்கு நாலே விஷயம்.

ஊரிலிருந்து கொண்டுவந்த கார்டை இன்றைக்கு ராத்திரியே எடுத்துப் பாருங்கள். முதல் பிறந்தநாளுக்கு முன்னால் போட்ட தட்டம்மை ஊசி கனடாவிலும் அமெரிக்காவிலும் கணக்கில் வராது. இந்திய அரசு போடும் எம்ஆர் ஊசியில் பொன்னுக்கு வீங்கிக்கு மருந்து கிடையாது, அதற்கு எம்எம்ஆர் வேண்டும்.

ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையை ஊருக்குக் கூட்டிப் போவதாக இருந்தால், போவதற்கு முன் டாக்டரிடம் கேட்டு ஒரு எம்எம்ஆர் முன்கூட்டியே போடலாம். அது உபரி. ஒரு வயதுக்கு மேல் வழக்கமான இரண்டையும் மறுபடி போடணும்.

கார்டு தொலைந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். மறுபடி போட்டுக்கொள்வதில் ஆபத்து இல்லை.

கணவன் மனைவி இரண்டு பேரில் யார் கார்டுக்குப் பொறுப்பு என்று முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இப்போது நான்.

போன டிசம்பரில் ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவின் டிரங்குப் பெட்டியில், ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறையிலேயே தம்பியின் 1987 கார்டும் இருந்தது. மடிப்பெல்லாம் கிழிந்து, செல்லோ டேப் ஒட்டி. தட்டம்மைக்கு நேரே நீல மையில் ஒரு தேதி, கையெழுத்து. தம்பிக்கு இப்போது நாற்பது நெருங்குகிறது, இதை இன்னும் ஏம்மா வச்சிருக்கீங்க என்று கேட்டேன்.

"பாப்பாவுக்கு ஒரு காகிதமும் இல்லையேடா" என்றார். உறையை வாங்கி மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, சாப்பிட வா என்று உள்ளே போய்விட்டார்.